சகாயிங் எழுந்த நாள்

எங்கள் வீட்டுச் சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, கப்பல் தகடுகளை இணைக்கும் ஒரு தறையாணி இருக்கிறது. கட்டைவிரல் பருமன். ஒரு முனையில் காளான் போலத் தலை. மறுமுனை இன்னும் அடிபடாமல் மழுங்கலாக நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா குத்துவிளக்கைத் துடைக்கும்போது அதையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பார். கப்பல் பழுதுபார்க்கும் திருகோணமலை டொக்யார்டில் அப்பா முதல் சம்பளம் வாங்கிய வருடம் கொண்டுவந்தது அது. அந்த வருடம் 1944. அப்பாவுக்கு வயது பதினாறு.

அவருக்குக் கொடுத்த வேலை உலைக்களத்தில் தறையாணி காய்ச்சுவது. ஆணி நன்றாகச் சிவக்க வேண்டும். வெளுத்துப் பொறி சிந்தினால் இரும்பு எரிந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கி எறிய வேண்டியதுதான். சரியான நிறம் வந்ததும் குறட்டால் பிடித்து ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். இரண்டு தகடுகளின் துளைக்குள் அதைச் செருகி, உள்ளிருந்து ஒருவர் கனத்த இரும்பால் தலையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, வெளியிலிருந்து இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்து மறுதலையை உருவாக்குவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் தகடுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. நான் முப்பது வருடம் வெல்டிங் செய்தவன். என் ஒட்டு உறுதியானது என்று அடித்துச் சொல்வேன். ஆனால் நெருப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து ஒரு கப்பலைக் கட்டிப்பிடித்த அந்த வேலைக்கு முன்னால் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

அப்பா டொக்யார்டுக்குள் போவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்திருந்ததால் ஊரில் பாதிப்பேர் ஏற்கனவே மூட்டை கட்டியிருந்தார்கள். அம்மம்மா அடுப்பில் இருந்த பானையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலாவெளிப் பக்கம் நடந்தவர். சீனக்குடாவில் எண்ணெய்க்குதம் ஒன்று எரிந்த கரும்புகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்ததாகச் சொல்வார். அந்தக் காட்சியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

முந்தைய இரவே துறைமுகத்தை விட்டு விலகிப் போயிருந்தது பிரித்தானியக் கப்பல் ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. போகும்போது அதில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் தாக்கி அது மூழ்கியபோது 307 பேர் இறந்தார்கள். வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய அறுநூறு பேரைக் கடலிலிருந்து தூக்கியது.

உள்துறைமுகத்துக்குள் அடிபட்டு எரிந்த கப்பல் சகாயிங். போர்க்கப்பல் அல்ல, கிளாஸ்கோவுக்கும் ரங்கூனுக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய கப்பல். பர்மாவில் உள்ள ஒரு நகரின் பெயர் அதற்கு. நீளம் 452 அடி, ஸ்கொட்லாந்தில் டம்பார்ட்டனில் கட்டியது, உடம்பெல்லாம் தறையாணி. எரிந்த கூட்டை மறுவருடம் துறைமுகத்திலேயே தாழ்த்தி, இறங்குதுறை போலப் பயன்படுத்தினார்கள். அப்பாவுக்கு அந்தக் கப்பல் மீது இருந்தது ஒரு தொழிலாளியின் பாசம். யாரோ ஒரு பையன் காய்ச்சிக் கொடுத்த ஆணிகள்தானே அவ்வளவும், என்பார்.

இனி 1944 ஆகஸ்ட் 8. அப்பா வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். துறைமுகத்தில் ஒரு பெரிய மிதக்கும் தளம் இருந்தது. அதன் அடியிலும் பக்கச் சுவர்களிலும் வெற்றுத் தொட்டிகள். அவற்றில் நீரை நிரப்பினால் தளம் தாழும். கப்பல் உள்ளே வரும். நீரை இறைத்தால் தளம் கப்பலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும். முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட வேலியன்ட் என்ற போர்க்கப்பல் அன்று உள்ளே இருந்தது. தொட்டிகளில் நீரைச் சமமாக இறைக்கவில்லை. கப்பலின் பாரம் ஓரிடத்தில் அழுத்த, தளத்தின் முதுகு முறிந்தது. தளம் மூழ்கியது, கப்பலின் சுக்கானும் உந்துவிசிறிகளும் சேதமாயின. எந்தக் குண்டும் விழவில்லை, எந்த எதிரியும் வரவில்லை. கரையில் நின்று அதைக் கேட்ட அப்பா, இரும்பு அலறும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவருக்கு நீர்மட்டம் பார்க்கும் பழக்கம். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பின்னரும் அது விடவில்லை. கடற்கரைக்கு நடக்கப் போனால் கப்பலின் பெயரையோ கொடியையோ பார்க்கமாட்டார். முன்னுக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, பின்னுக்கு எவ்வளவு என்றுதான் கண் போகும். கடல் வரலாறு என்றால் தளபதிகளையும் பீரங்கிகளையும் எழுதுகிறார்கள். எழுதட்டும். தொட்டியில் எவ்வளவு நீர் என்று பார்த்துக்கொண்டு வால்வருகில் நின்றவனையும் எழுத வேண்டும் என்பது என் ஆசை. அவன் கை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு வேலியன்டே சாட்சி.

2018 மார்ச்சில் செய்தி வந்தது: கடற்படைச் சுழியோடிகள் பல மாதங்கள் வேலை செய்து சகாயிங்கை மிதக்கவிட்டிருக்கிறார்கள். கூட்டைப் பலப்படுத்தி, உடைந்த பக்கங்களை அடைத்து, உள்ளே இருந்த நீரை இறைத்து எழுப்பியிருந்தார்கள். எழுபத்தைந்து வருடம் நீருக்குள் கிடந்த இரும்பு அது. துருவின் மேல் சிப்பி, சிப்பியின் மேல் பாசி. தட்டினால் எந்த இடம் தகடு, எந்த இடம் வெறும் துரு என்று யாருக்குத் தெரியும்? அதை உடையாமல் மேலே கொண்டுவந்த சுழியோடிகளின் கைகளைத் தொட்டு வணங்கலாம். பின்னர் அதை வேறிடத்துக்கு இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டார்கள்.

அப்போது அப்பாவுக்குத் தொண்ணூறு. காது மந்தம். பத்திரிகையில் படம் வந்திருந்தது. கட்டிலருகே போய் அவர் கையில் கொடுத்தேன். தலையணைக்கு அடியிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். படத்தின் இடது ஓரத்தில் வைத்து, இரும்பும் நீரும் சந்திக்கும் கோட்டின் மேல் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். மறுபடி இடது ஓரத்துக்கு வந்தார். மூன்றாவது முறையும் நகர்த்திவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சமமாக இறைத்திருக்கிறார்கள், தம்பி" என்றார். கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டு, தேத்தண்ணீர் கேட்டார்.