டெல்ச்: இரண்டு தீ விபத்துகள் கட்டிய சந்தைச் சதுக்கம்

செக் நாட்டின் தலைநகர் பிராகிலிருந்து யீஹ்லவா நகர் வழியாகத் தெற்கே போனால் மொராவிய மேட்டு நிலத்தில் டெல்ச் வருகிறது. சுமார் ஐயாயிரம் பேர் வசிக்கும் சிறிய ஊர். மூன்று குளங்களுக்கு நடுவே இருக்கிறது பழைய நகரம். அந்தக் காலத்தில் எதிரிகளைத் தடுக்க மதிலோடு இந்த நீரும் உதவியிருக்கிறது.

வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் சந்தைச் சதுக்கம். சதுக்கம் என்று பெயர்தானே தவிர, நீண்டு ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும் முக்கோணம் அது. இருபுறமும் ஒன்றையொன்று ஒட்டியபடி வண்ண வண்ண வீடுகள். தரைத்தளம் முழுக்க வளைவுகளோடு கூடிய தாழ்வாரம். வாங்க வருகிறவர் மழையில் நனையாமல் கடைக்குக் கடை நடந்துபோகலாம். சந்தை நடந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

1339-இல் செக் நாட்டை ஆண்ட லக்சம்பர்க் ஜான் மன்னரிடமிருந்து இந்த ஊர் ஹ்ராடெட்ஸ் பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அப்போது வீடுகள் எல்லாம் மரம். 1386-இல் ஊரே எரிந்தது. அப்புறம்தான் கல்லில் கட்டினார்கள். 1530-இல் மறுபடியும் தீ. அடுத்த தலைமுறையில் வந்த ஜகாரியாஷ் பிரபு இத்தாலி போய் வந்தவர். அங்கே பார்த்த மறுமலர்ச்சிக் கலையை இங்கே கொண்டுவர ஆசைப்பட்டார். பல்தசாரே மாஜ்ஜி என்ற கட்டடக் கலைஞரை வைத்துத் தன் கோட்டையை மாளிகையாக மாற்றினார். ஊர்க்காரர்களும் தங்கள் வீட்டு முகப்புகளை அதே பாணியில் மாற்றத் தொடங்கினார்கள்.

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியது 15-ஆம் எண் வீடு. அதன் சுவர் ஓவியங்கள் வண்ணம் பூசியவை அல்ல, சுரண்டி எடுத்தவை. கருமையான சாந்தின் மேல் வெள்ளைச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் மேல்பூச்சைக் கீறினால் அடியிலிருக்கும் கருமை கோடாகத் தெரியும். ஸ்கிராஃபிட்டோ என்பார்கள். அந்தக் கோடுகளில் பைபிளில் வரும் மன்னர்கள் தாவீதும் சவுலும் நிற்கிறார்கள், புனிதர் கிறிஸ்டபர் குழந்தை இயேசுவைச் சுமக்கிறார். அருகில் போய்ப் பார்த்தால் கீறிய கையின் வேகம்கூடத் தெரிகிறது. கை தவறினால் திருத்த அவகாசம் இருந்திருக்காது. அந்தப் பெயர் தெரியாத கைவினைஞர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

61-ஆம் எண் வீடு ஒரு ரொட்டிக்காரருடையது. பிரபுவின் மாளிகைக்கு நிகராகத் தன் வீடும் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார், சாதித்தும் இருக்கிறார்.

மாளிகையில் பொன் மண்டபத்தின் எண்கோணக் கட்டங்கள் கொண்ட மர உட்கூரையைக் கட்டாயம் பாருங்கள். சர்வ புனிதர் சிற்றாலயத்தில் இரும்பு அழிக்குள் ஜகாரியாஷும் மனைவி கத்தர்ஷினாவும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள்.

1992-இல் பிராக், செஸ்கி கிரம்லோவ் இரண்டோடும் சேர்ந்து டெல்ச் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அந்த இரண்டு ஊர்களிலும் உள்ள நெரிசல் இங்கே இல்லை. பகலில் வந்து உடனே திரும்பிவிடாதீர்கள். சதுக்கத்து வீடுகளிலேயே தங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஓர் இரவு தங்குங்கள். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு அந்தத் தாழ்வாரங்களில் நிதானமாக நடக்கலாம்.