செயலாளரைத் தொங்கவிட்ட கதை

எங்கள் ஜைரோபிளேன் கிளப்பைப் பறக்கும் கிளப் என்று சொல்வது பாதிதான் உண்மை. வாரக் கடைசியில் ஷெட்டுக்கு வந்து பார்த்தால் ஒருவர் பறந்துகொண்டிருப்பார். மற்ற எல்லோரும் குனிந்து, கீழே விழுந்த நட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அது கிடைக்கும்வரை மேலே பறப்பவரை நிம்மதியாக ரசிக்கவும் முடியாது. ஒருவேளை அது அவர் வண்டியிலிருந்து விழுந்ததாக இருந்தால்?

வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி, "இது மினி ஹெலிகாப்டரா சார்?" எங்கள் பொருளாளருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். பறக்கும்போது மேலே விசிறிபோலச் சுற்றும் ரோட்டாருக்கும் இன்ஜினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பின்னால் இருக்கும் புரொப்பெல்லர் வண்டியைத் தள்ளுகிறது, அப்போது கீழிருந்து மேலாக வரும் காற்றுதான் ரோட்டாரைச் சுற்றுகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். இன்ஜின் நின்றாலும் ரோட்டார் நிற்காது, சுற்றிக்கொண்டே மெதுவாகக் கீழே இறங்கலாம், அந்தரத்தில் அப்படியே நிற்கத்தான் வராது என்று முடிப்பார். வந்தவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், அப்போ இன்ஜின் கனெக்‌ஷன் கொடுக்காத ஹெலிகாப்டர்" என்பார்.

ஸ்பெயின்காரர் ஹுவான் டெ லா சியெர்வா இதை முதலில் செய்தபோதும் லேசில் வந்துவிடவில்லை. சுற்றும்போது முன்னேறிச் செல்லும் ரோட்டார் இறக்கைக்குத் தூக்குவிசை அதிகம், பின்வாங்கும் இறக்கைக்குக் குறைவு. அதனால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. இறக்கைகள் மேலும் கீழும் அசையும்படி கீல் வைத்த பிறகுதான், 1923 ஜனவரியில், உருப்படியாகப் பறந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் இன்ஜினே இல்லாத ரோட்டார் பட்டம் ஒன்றை நீர்மூழ்கிக் கப்பலின் பின்னால் கயிறு கட்டிப் பறக்கவிட்டு, அதில் ஓர் ஆளை உட்காரவைத்து வேவு பார்த்தார்கள். எதிரி வந்து கப்பல் அவசரமாக மூழ்க வேண்டி வந்தால் மேலே இருப்பவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் எங்கள் கிளப் எவ்வளவோ தேவலை. 1950களில் இகோர் பென்சன் என்பவர், வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடங்களை விற்க ஆரம்பித்தார். அன்று தொடங்கியதுதான் உலகம் முழுக்க வீட்டுக் கார் ஷெட்டுகளில் கார்களுக்கு இடமில்லாமல் போனது.

எங்கள் செயலாளரும் அப்படிக் கட்டியவர்தான். அலுமினியக் குழாய்ச் சட்டம், இரண்டு இறக்கை ரோட்டார், பின்னால் இன்ஜின். பல வருட வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் அளவான விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, சிவப்புக் கோடு போட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் மாட்டி, அதைப் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறார். குடும்ப ஆல்பத்தில்கூட அவ்வளவு படங்கள் இருக்காது. எல்லாம் முடிந்து அன்றைக்குத் தொங்கவிடும் சோதனை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரோட்டார் இறக்கைகளைக் கழற்றிவிட்டு, அவை மாட்டும் போல்ட்டில் சங்கிலி கோத்து, முழு வண்டியையும் ஷெட்டின் உத்திரத்தில் தொங்கவிட வேண்டும். டேங்கில் பாதி பெட்ரோல். சீட்டில் விமானி, பெல்ட் போட்டு, கால் பெடலில். தரையில் எதுவும் படக்கூடாது. அப்போது அடிச்சட்டம் எத்தனை டிகிரி மூக்கு தாழ்ந்து நிற்கிறது என்று அளக்க வேண்டும். வரைபடத்தில் சொன்ன அளவுக்குள் இருந்தால் சரி. மூக்கு அதற்கும் மேல் தாழ்ந்திருந்தால், பறக்கும்போது மூக்கைத் தூக்க ஓட்டும் ஸ்டிக்கை இழுக்க இழுக்க ஒரு கட்டத்தில் அது முட்டி நின்றுவிடும், மூக்கோ இன்னும் எழும்ப வேண்டியிருக்கும். விளையாட்டுக் காரியம் இல்லை.

செயின் பிளாக்கை இழுத்தோம். செயலாளர் மெல்ல மேலே போனார். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் போல எதையும் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணமானியை வைத்த கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூக்கு ஒரு டிகிரிக்கு மேல் அதிகமாகத் தாழ்ந்திருந்தது.

உடனே ஆளுக்கொரு காரணம். உத்திரம் கோணல் என்றார் ஒருவர். கோணமானியில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், அதுவும் அதையேதான் சொன்னது. இன்ஜினின் எடையைக் கூட்டிச் சொல்லி விற்றுவிட்டார்கள் என்று பொருளாளர் ஆரம்பித்தார். இதற்குள் மேலே இருந்தவர், "சீக்கிரம் பாருங்கப்பா, கால் மரத்துப்போச்சு" என்று முனகினார்.

வாத்தியார் மட்டும் பேசாமல் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "வண்டியில தப்பில்ல சார். படிவத்துல விமானி எடை எழுபத்தெட்டுன்னு இருக்கு. அது எப்போ எடுத்தது?"

கூரையிலிருந்து பதில் வரவில்லை.

ஓரத்தில் கிடந்த எடை மெஷினைத் தேடி எடுத்தோம். செயலாளரை இறக்கி ஏற்றினோம். ஷூவோடு சேர்த்து என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஷூவைக் கழற்றிய பிறகும் 91. அதுவரை இன்ஜின்காரரைத் திட்டிக்கொண்டிருந்த பொருளாளர் சட்டென்று துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு வேறு வண்டிப் பக்கம் போய்விட்டார். அவர் படிவத்திலும் என்ன எழுதியிருக்கிறதோ.

பரிகாரம் ஒன்றும் கஷ்டமில்லை. மாஸ்ட் என்கிற நடுக்கம்பத்தின் உச்சியில் ரோட்டார் தலையைத் தாங்கும் இரண்டு தகடுகளைப் புதிதாக வெட்டி, துளையைச் சற்று முன்னால் தள்ளிப் போட வேண்டும். அதைச் செய்து மறுபடி தொங்கவிட்டபோது கோணம் அச்சாக நின்றது. அடுத்து இறக்கைகளை மாட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, நூல் நடுவில் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை. அது ஒரு தகராறு, எழுதினால் நீளும். நூலைப் பிடிக்கிறவர் தும்மக்கூடாது என்பதோடு விட்டுவிடுகிறேன். ரோட்டார் போதிய வேகம் எடுக்குமுன் அவசரப்பட்டு ஓட்டினால் இறக்கை படபடவென்று அடித்து வாலையே வெட்டிவிடும் என்பதால், ஓடுபாதையில் பழகுவதற்கு அவருக்கு ஒரு பயிற்சியாளரையும் பக்கத்திலேயே நிற்க வைத்தோம்.

கடைசியாக வண்டியில் ஒட்ட வேண்டிய எடைச் சீட்டை வாத்தியார் தயாரித்துக் கொடுத்தார். இந்தத் தகடுகளுக்கு விமானியின் எடை எதற்குக் கீழே போகக்கூடாது என்று கணக்குப் போட்டு, 85 கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். செயலாளர் அதைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்று வண்டிக்கு; இன்னொன்று வீட்டில் அவரைக் காலையில் நடக்கச் சொல்லி எழுப்பிவிடுகிற மனைவியிடம் காட்ட.

"பாரு, இது பாதுகாப்பு விஷயம்" என்று ஆரம்பித்தாராம். அந்த அம்மா சீட்டை நிதானமாக வாசித்துவிட்டு, "இன்னும் ஆறு கிலோ இறங்கலாம்னு போட்டிருக்கு, ஷூவை மாட்டுங்க" என்றாராம்.