கெர்னல் மெமரியில் லாக்கிங் ரேஸ்: நான் படித்த வழி

லினக்ஸ் கெர்னலில் மெமரி மேனேஜ்மென்ட் பக்கம், எம்எம் என்று சுருக்கமாகச் சொல்வோமே, அங்கே வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்றுதான். புத்தகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாக்கிங் ரேஸை (ஒரே டேட்டாவை இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொட, லாக் காக்கத் தவறும் பிழை) கண்டுபிடித்துச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய நிரலையும் பேட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் எனக்குப் பலன் தந்த வழி. சி நன்றாகத் தெரிய வேண்டும். பேஜ் டேபிள் (முகவரியைப் பக்கத்தோடு இணைக்கும் அட்டவணை), டிஎல்பி (அந்த இணைப்புகளைச் சிபியு நினைவில் வைத்திருக்கும் கேஷ்) என்றால் என்னவென்று கல்லூரிப் பாட அளவிலாவது தெரிய வேண்டும். தூங்கக்கூடிய லாக்குக்கும், தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் ஸ்பின்லாக்குக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். இவ்வளவு இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

படிக்கும்போது ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வரியில் கெர்னல் ஒரு விஷயத்தை உண்மை என்று நம்புகிறதே, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது எந்த லாக், அது எதுவரைக்கும் கையில் இருக்கிறது? லாக் எடுத்தார்களா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனால் எம்எம்மின் முக்கியமான பிழைகள் பல கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவற்றில் லாக் எடுத்துத்தான் இருப்பார்கள்.

முதலில் அடுக்குகள். ஒரு ப்ராசஸின் முகவரி வெளி முழுவதற்கும் எம்மேப் லாக் என்று ஒன்று உண்டு, ரீட் பக்கம் ரைட் பக்கம் இரண்டும் கொண்ட செமஃபோர். 2020-ல் வந்த 5.8 வரைக்கும் இதன் பெயர் எம்மேப் செம், அதனால் பழைய கமிட்களைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம். இதற்குக் கீழே பேஜ் டேபிள் பக்கங்களுக்கென்று தனித்தனி ஸ்பின்லாக், அதைத்தான் பிடிஈ லாக் என்கிறோம் (பிடிஈ என்பது பேஜ் டேபிளின் ஒரு பதிவு). நடுவே ஃபோலியோ (சேர்த்துக் கையாளப்படும் பக்கங்களின் தொகுதி) லாக், ஃபைல் மேப்பிங்குக்கான ஐ எம்மேப் லாக், அனான் விஎம்ஏ லாக் எல்லாம் வரும். விஎம்ஏ என்பது முகவரி வெளியில் ஒரே தன்மை கொண்ட ஒரு தொடர் பகுதி. எதை எடுத்த பிறகு எதை எடுக்கலாம் என்ற வரிசை எம்எம் டைரக்டரியில் ஆர்மேப் ஃபைலின் தலையிலேயே கமென்ட்டாக எழுதப்பட்டிருக்கிறது. அதை அச்செடுத்து மேஜைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அடிக்கடி பார்த்தால் தானாகப் பதியும்.

அப்புறம் ஒரு ஃபங்க்‌ஷனை மட்டும் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது டூ அனானிமஸ் பேஜ். ஒரு ப்ராசஸ் இதுவரை தொடாத மெமரியில் முதல்முறை எழுதும்போது பேஜ் ஃபால்ட் வரும், கெர்னல் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பக்கம் ஒதுக்குவது தூங்க நேரக்கூடிய வேலை, மெமரி பற்றாக்குறை என்றால் பழைய பக்கங்களை மீட்டெடுக்கும் ரீக்ளெய்ம் வரைக்கும் போய்விடும். பிடிஈ லாக்கோ ஸ்பின்லாக், அதைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. அதனால் அந்த லாக் இல்லாமலே பக்கத்தை ஒதுக்கி, பூஜ்யத்தால் நிரப்பி, அப்புறம்தான் பிடிஈ லாக்கை எடுக்கிறது. எடுத்த கையோடு செய்யும் முதல் வேலை, முன்பு பார்த்த பிடிஈ இப்போதும் அப்படியேதான் இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது. இடைப்பட்ட நேரத்தில் அதே ப்ராசஸின் இன்னொரு த்ரெட் அதே முகவரியைத் தொட்டு முந்திக்கொண்டிருக்கலாம் இல்லையா? அப்படி ஆகியிருந்தால் ஒதுக்கிய பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்துவிடும். லாக் இல்லாமல் பார், வேலையைத் தயார் செய், லாக் எடு, மறுபடி சரிபார், பிறகுதான் எழுது. இந்த நடை எம்எம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை கண் பழகிவிட்டால், மறுபடி சரிபார்க்கும் அந்தப் படி விடுபட்ட இடங்கள் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இது பழகிய பிறகு டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பிழையைப் படியுங்கள். 2016 அக்டோபரில் வெளியே வந்தது, 2007-ல் வந்த 2.6.22-இலிருந்தே கெர்னலில் இருந்த பிழை. ரூட் அனுமதி இல்லாத சாதாரண யூசர், தனக்குப் படிக்க மட்டுமே உரிமையுள்ள ஃபைலில் எழுத முடிந்தது. கதையை மேலோட்டமாகத் தெரிந்துகொண்டு நகர்ந்துவிடாதீர்கள், உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு த்ரெட் ப்ராக் செல்ஃப் மெம் (தன் மெமரியையே ஃபைல் போலத் திறக்கும் இடம்) வழியாக, ரீட் ஒன்லியாகப் ப்ரைவேட் மேப் செய்த ஃபைலின் மேல் எழுதப் பார்க்கிறது. கெர்னல் எழுத வேண்டும் என்ற ஃப்ளாக்கோடு பக்கத்தைத் தேடி, ஃபால்ட் ஆகி, காப்பி ஆன் ரைட் செய்து, தனிப் பிரதி ஒன்றை உண்டாக்குகிறது. ஆனால் மேப்பிங் ரீட் ஒன்லி என்பதால் அந்தப் பிரதியின் பிடிஈயிலும் எழுதும் அனுமதி இருக்காது. அப்படியே மறுபடி தேடினால் திரும்பவும் ஃபால்ட் ஆகும். இந்தச் சுழலிலிருந்து தப்பிக்க, "பிரதிதான் எடுத்தாகிவிட்டதே" என்று எழுத வேண்டும் என்ற ஃப்ளாக்கையே எடுத்துவிட்டு மறுபடி தேடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ் என்ற சிஸ்டம் காலில் டோன்ட்நீட் (இது வேண்டாம்) சொல்லி அந்தப் பிரதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. இப்போது தேடினால் பக்கம் இல்லை, மறுபடி ஃபால்ட், ஆனால் எழுதும் ஃப்ளாக் போய்விட்டதால் படிக்க மட்டும் என்று நினைத்து ஃபைலின் உள்ளடக்கத்தை மெமரியில் வைத்திருக்கும் அசல் பேஜ் கேஷ் பக்கத்தையே கொண்டுவந்து கொடுக்கிறது. எழுதுவது அதன் மேல் நடந்துவிடுகிறது.

இதில் என்னை நிறுத்திவைத்த விஷயம் என்னவென்றால், இரண்டு த்ரெட்டுமே எம்மேப் செம்மை ஒழுங்காகப் பிடித்திருந்தன. இரண்டும் ரீட் பக்கத்தில். ஸ்டாக் விரிவதைத் தவிர்த்துப் பார்த்தால், ரீட் லாக் இருக்கும்வரை விஎம்ஏக்கள் மாறாது, அது உண்மை. ஆனால் விஎம்ஏவுக்குக் கீழே உள்ள பிடிஈக்கள் மாறாது என்று அது ஒருபோதும் உறுதி சொல்லவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த திருத்தத்தில் புதிதாக எந்த லாக்கும் கிடையாது என்பதையும் கவனியுங்கள். எழுதும் ஃப்ளாக்கை எடுக்காமல் வைத்துக்கொண்டு, பிரதி எடுத்தாகிவிட்டது என்பதற்குத் தனி ஃப்ளாக் போட்டு, கையில் கிடைத்த பிடிஈயில் டர்ட்டி பிட் (எழுதப்பட்டது என்ற அடையாளம்) இருக்கிறதா என்று லாக்குக்குள்ளேயே சரிபார்க்கிறது. இதே பிழையைப் பதினொரு வருடம் முன்பே, 2005-ல், தான் சரிசெய்யப் பார்த்ததையும் ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390-ல் வந்த சிக்கலால் அது திரும்பப் பெறப்பட்டதையும் அந்தக் கமிட் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். அதோடும் முடியவில்லை. டர்ட்டி பிட் இருந்தால் அது நம் பிரதிதான் என்ற அனுமானத்தை பேஜ் ஃபால்ட்டை யூசர் நிரலே கையாள உதவும் யூசர்ஃபால்ட்எஃப்டியில் பிற்பாடு வந்த ஒரு மாற்றம் உடைத்தது, ஷேர்டு மெமரிக்கு அதே ஓட்டை திரும்ப வந்தது. 2022-ல் டேவிட் ஹில்டன்பிராண்ட் அந்தப் பழைய ஃப்ளாக்கையே நீக்கி, பக்கம் இந்தப் ப்ராசஸுக்கு மட்டுமே சொந்தமா என்று நேரடியாகப் பார்க்கும்படி மாற்றினார். ஒரே பிழையின் இந்த மூன்று கமிட்களையும் வரிசையாகப் படித்து முடித்தால், நம்பிக்கை எங்கே பதிவாகிறது, அதை வேறு யார் மாற்ற முடியும் என்ற கோணத்தில் யோசிக்கும் பழக்கம் வந்துவிடும்.

டிஎல்பி சம்பந்தப்பட்ட ஒன்றும் படிக்க வேண்டும். 2018-ல் கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன் கண்டுபிடித்த எம்ரீமேப் (மேப்பிங்கை வேறு முகவரிக்கு நகர்த்தும் சிஸ்டம் கால்) பிழை அதற்குப் போதும். பிடிஈக்களை இடம் மாற்றிவிட்டு, லாக்கை விட்ட பிறகு டிஎல்பியை ஃப்ளஷ் செய்தது. நடுவே ஃபைலைச் சுருக்கும் எஃப்ட்ரன்கேட் அந்தப் பக்கத்தை விடுவித்துவிட்டால், பழைய டிஎல்பி பதிவு வழியாக விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொடலாம். லாக்கை விடுவதற்கு முன்பே ஃப்ளஷ், அதுதான் திருத்தம்.

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி. 2023-ல் வந்த 6.4-ல் ஒவ்வொரு விஎம்ஏவுக்கும் தனி லாக் வந்தது, சுரேன் பாக்தசார்யன் செய்த வேலை. பல த்ரெட் ஓடும் ப்ராசஸ்களில் எல்லாப் பேஜ் ஃபால்ட்டும் ஒரே எம்மேப் லாக்கில் வந்து முட்டிக்கொள்வதைத் தவிர்க்கத்தான் இது. ரைட் லாக் செய்யும் முறை அழகானது: ப்ராசஸின் முகவரி வெளியைக் குறிக்கும் எம்எம் அமைப்பில் ஒரு வரிசை எண், ஒவ்வொரு விஎம்ஏவிலும் ஒரு வரிசை எண். எம்மேப் லாக்கை ரைட்டில் பிடித்துக்கொண்டு, விஎம்ஏவின் எண்ணை எம்எம்மின் எண்ணுக்குச் சமமாக்கினால் அந்த விஎம்ஏ பூட்டப்பட்டது என்று அர்த்தம். எம்மேப் லாக்கை விடும்போது எம்எம்மின் எண் ஒன்று கூடும், பூட்டிய விஎம்ஏக்கள் எல்லாம் ஒரே அடியில் திறந்துவிடும், ஒவ்வொன்றாகப் போய்த் தொட வேண்டியதே இல்லை. ஃபால்ட் பாதையில் எண்கள் சமமாக இருந்தால் பேசாமல் பழைய எம்மேப் லாக் வழிக்குத் திரும்பிவிடும்.

சரி, இதில் என்ன உடைந்தது? ஃபோர்க். ஃபோர்க் (ஒரு ப்ராசஸ் தன் நகலை உண்டாக்குவது) நடக்கும்போது தாய்ப் ப்ராசஸின் எம்மேப் லாக் ரைட்டில் பிடிபட்டிருக்கும், ஆகவே அந்த நேரத்தில் வேறு த்ரெட்டின் ஃபால்ட் உள்ளே வராது என்பது நெடுங்காலமாக இருந்த நிலை. யாரும் தனியாக எழுதிவைக்கத் தேவைப்படாத அளவுக்கு இயல்பான நிலை. ஃபோர்க் பக்கங்களை எழுத முடியாதவையாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் லாக்கை விடுவதற்குச் சற்று முன்புதான் டிஎல்பியை ஃப்ளஷ் செய்யும். புதிய லாக் வந்ததும் ஃபால்ட்டுக்கு எம்மேப் லாக் தேவைப்படாமல் போனது. ஒரு த்ரெட் நடுவிலே எழுதப் போய், ஃபால்ட் ஆகி, அதன் பக்கம் புதுப் பிரதிக்கு மாறிவிடுகிறது. இன்னொரு சிபியுவில் ஓடும் த்ரெட் தன் பழைய டிஎல்பி பதிவை வைத்துக்கொண்டு பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதியது தொலைந்து போனது. திருத்தம் பார்க்கச் சின்னது, ஃபோர்க்கின் சுற்றில் தாயின் ஒவ்வொரு விஎம்ஏவையும் ரைட் லாக் செய்வது. அது உறுதியாகும்வரை ஸ்டேபிள் கெர்னலில் அந்த வசதியையே அணைத்துவைத்தார்கள், அது பொறுப்பான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

அதே வருடம் வந்த ஸ்டாக்ராட் என்ற பாதுகாப்புப் பிழையும் இதே இனம்தான். விஎம்ஏக்களை வைக்க 6.1-ல் மேப்பிள் ட்ரீ வந்த பிறகு, ஸ்டாக் விரியும்போது ட்ரீயின் நோடே மாற்றப்பட்டுப் பழையது விடுவிக்கப்படலாம். ஆனால் அந்தப் பாதை எம்மேப் லாக்கை ரீட்டில் மட்டுமே பிடித்திருந்தது. அதற்கு முந்தைய சிவப்பு கறுப்பு ட்ரீ காலத்தில் அது போதுமானதாக இருந்தது. ஒரு லாக்கையோ டேட்டா அமைப்பையோ மாற்றும் பேட்ச்சைப் படிக்கிறீர்கள் என்றால், பழையது இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த உத்தரவாதங்கள் எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள்.

கருவிகள் பற்றி. கீமு என்ற மெய்நிகர் கணினி ஒன்றில் நாலைந்து சிபியு கொடுத்துச் சொந்தமாகக் கெர்னல் பில்ட் செய்து ஓட்டுங்கள், முடிந்தால் அதை வேகப்படுத்தும் கேவிஎம்மோடு. லாக்டெப், டீபக் விஎம் என்ற கெர்னலின் சோதனை வசதிகள் இரண்டும் எப்போதும் போட்டிருக்கட்டும். இங்கோ மோல்னார் எழுதிய லாக்டெப் 2006-இலிருந்து கெர்னலில் இருக்கிறது, டெட்லாக் உண்மையில் நடக்காவிட்டாலும் வரிசை தப்பினால் சொல்லிவிடும். ஆனால் எந்த டேட்டாவுக்கு எந்த லாக் என்பது அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் அசர்ட் போட்டுச் சொல்ல வேண்டும். விடுவித்த மெமரியைத் தொட்டால் பிடிக்கக் கேசான், டேட்டா ரேஸுக்குக் கேசிசான். இரண்டையும் ஒரே பில்டில் போட முடியாது, அதனால் இரண்டு பில்ட் டைரக்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஸைத் திரும்ப உண்டாக்குவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் பயப்படுவார்கள். காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் சிபியு 0, வலப்பக்கம் சிபியு 1, எது எதற்குப் பின் நடக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பிறகு இடைவெளி இருக்கும் அதே இடத்தில், தூங்காமல் தாமதப்படுத்தும் எம்டிலே ஒன்றைச் செருகி இடைவெளியை அகலமாக்குங்கள். ஸ்பின்லாக்குக்குள், தூங்கிவிடும் எம்ஸ்லீப் போட்டுவிடாதீர்கள். இரண்டு த்ரெட்டைத் தனித்தனி சிபியுவில் கட்டிவைத்துச் சுழலவிட்டால், உங்கள் வரிசை சரியென்றால் பிழை சீக்கிரமே வெளியே வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் வரிசையில்தான் ஓட்டை, நாள் கணக்கில் ஓடவிட்டுக் காத்திருப்பதைவிடக் காகிதத்துக்குத் திரும்புவது நல்லது. திருத்தம் போட்ட பிறகும் அதே எம்டிலேயை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், எடுத்துவிட்டுச் சோதித்தால் எதுவும் நிரூபணம் ஆகாது.

திருத்தம் என்று வரும்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கை போவது பெரிய லாக்கை இன்னும் நேரம் பிடித்துவைப்பதில்தான். எம்மேப் லாக்கை ரைட்டில் பிடித்தால் அந்தப் ப்ராசஸில் அந்த லாக்கை நாடி வரும் அத்தனை பேரும் நிற்பார்கள், வரிசை தப்பினால் புது டெட்லாக்கும் வரும். லாக் எடுத்தபின் மறுசோதனை போதுமா என்று முதலில் பாருங்கள், இல்லை என்றால், விடுவிக்கப்படாமல் காக்கும் ரெஃபரன்ஸ் எடுத்துவைப்பதால் முடியுமா என்று பாருங்கள், லாக்கை விரிப்பது அதற்குப் பிறகு. ஸ்டாக்ராட் போல வேறு வழி இல்லாத இடங்களும் உண்டு, அங்கே தயங்காமல் ரைட் லாக்தான். பேட்ச்சின் குறிப்பில் அந்த இரண்டு பத்தி வரிசையை அப்படியே போடுங்கள், பிழை நுழைந்த கமிட்டைக் கண்டுபிடித்து ஃபிக்சஸ் வரியில் எழுதுங்கள். படித்துப் பார்க்கும் மெயின்டெய்னருக்கு நிரலைவிட அந்த வரிசைதான் முதலில் வேண்டும்.

இதெல்லாம் ஒரு சுற்று முடித்தவர்கள் கெர்னலோடு வரும் ஆவணங்களில் ப்ராசஸ் அட்ரசஸ் பகுதியின் லாக்கிங் அத்தியாயத்தை முழுக்கப் படியுங்கள், அப்புறம் சின்னப் பக்கங்களைப் பெரிய பக்கமாகச் சேர்க்கும் கேஹ்யூஜ்பேஜ்டி ஃபைலில் கொலாப்ஸ் ஹ்யூஜ் பேஜ் ஃபங்க்‌ஷனைத் திறங்கள். ரீட்டில் பிடித்த எம்மேப் லாக்கை விட்டு, பெரிய பக்கம் ஒதுக்கி, மறுபடி ரீட்டில் எடுத்து விஎம்ஏவைச் சரிபார்க்கும். அதையும் விட்டு ரைட்டில் எடுத்து இன்னொரு தடவை சரிபார்க்கும். அந்த இரண்டாவது சரிபார்ப்பை நீக்கினால் எந்த இரண்டு த்ரெட் எந்த வரிசையில் ஓடினால் கெர்னல் உடையும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.