போக்கியப் பணம்

ஜூலை 3
வீட்டுக்கார ஆயா காரியம் முடிஞ்சுது. பந்தல் பிரிச்சாச்சு. கீழ் வீட்டுல லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு.

ஜூலை 5
ஆறு லட்சம். மாடிக்கு வாடகைக்கு பதிலா மொத்தமா ஆயாகிட்ட குடுத்து வெச்ச போக்கியப் பணம்.

ஜூலை 8
ஆயாவோட மகன், பிரான்ஸ்காரர், கிளம்பிட்டார். போறதுக்கு முன்னாடி மாடிக்கு வந்து டீ குடிச்சிட்டு "நீங்க பாட்டுக்கு இருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல"ன்னார். எங்க வீட்டுக்காரர் மெதுவா பணத்த பத்தி எடுத்தாரு. "எந்தப் பணம்? அம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே". இருபது ரூபா பத்திரத்த எடுத்து காட்டினோம், ஆயா கையெழுத்து கோணல்மாணலா இருந்தாலும் தெளிவா இருக்கு, அத திருப்பி திருப்பி பாத்துட்டு ரிஜிஸ்டர் பண்ணலையான்னு ஒரே கேள்வி. நம்ம புதுச்சேரி முத்தியால்பேட்டையில போக்கியத்துக்கு இருக்குறவங்க எத்தன பேர் ரிஜிஸ்டர் பண்ணிருக்காங்கன்னு அவரே கேட்டு பாக்கட்டும், ஸ்டாம்ப் டூட்டின்னு வாயத் தெறந்தாலே வீட்டுக்காரங்க வேற ஆள் பாத்துக்குறாங்க. செப்டம்பரோட மூணு வருஷம் முடியுது. பாப்பா காலேஜ் ஃபீஸ் அத நம்பித்தான்.

ஜூலை 14
பிரெஞ்சு தேசிய தினம். சொல்தா, அதான் பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன்காரங்க எல்லாம் மெடல் குத்திக்கிட்டு பீச் ரோடு போறாங்க. போன வருஷம் ஆயா தாத்தாவோட கோட்ட எடுத்து வெயில்ல போட்டுச்சு. "உயில் எழுதி வெச்சிட்டேன்டி, யாரும் அடிச்சிக்க வேணாம்"னு அன்னிக்கும் சொல்லுச்சு. அந்த ஒரு பேச்ச எத்தன தடவ கேட்டிருப்பேன். எங்க எழுதி வெச்ச ஆயா?

ஜூலை 17
மிஷன் வீதி வக்கீல்கிட்ட போனோம். நாங்க பணத்த பத்தி கேக்கப் போனா அவர் முதல்ல கேட்டது "அவங்க ரெனோன்சான் குடும்பமா?"ன்னு. பேந்தப் பேந்த முழிச்சோம். 1881-ல பிரெஞ்சுக்காரன் ஒரு ஆணை போட்டானாம், நம்ம சாதி மத வழக்கம் வேணாம், பிரெஞ்சு சிவில் சட்டமே போதும்னு எழுதிக் குடுத்தவங்க ரெனோன்சான். அவங்க வம்சத்துக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்னிக்கும் பொருந்தாதாம். பிரெஞ்சு சட்டத்துல ரெண்டு புள்ளைங்க இருந்தா சொத்துல மூணுல ஒரு பங்குதான் இஷ்டப்பட்டவங்களுக்கு எழுத முடியும், மீதி புள்ளைங்களுக்கு போயே ஆகணும். தாத்தா பட்டாளத்துக்கு போயி பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கினவர், ஆயா மட்டும் இந்தியன் சிட்டிசனாவே இருந்துடுச்சுன்னு சொன்னோம். "பாஸ்போர்ட் வேற, ரெனோன்சான் வேற. அப்ப இந்து சட்டம்தான். வீடு அம்மா பேர்ல, உயில் இல்லன்னா மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி."

அதுக்கப்புறம்தான் எங்க கத. நூறு ரூபாய்க்கு மேல போச்சுன்னாலே ரிஜிஸ்டர் பண்ணினாதான் போக்கியம் செல்லுமாம், இல்லன்னா அது வெறும் கைமாத்து. கடன்னா மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், அந்த மூணு வருஷத்த எந்த தேதியில இருந்து எண்றதுன்னு எதிர்கட்சி வக்கீல் சண்ட போடுவார். ஆயாகிட்ட இருந்து வர்ற சொத்து அளவுக்கு ரெண்டு பேரும் கடன அடைச்சே தீரணும்னு அவர் சொன்னப்பதான் மூச்சு வந்துச்சு. எழுந்து வரும்போது "பணம் கைக்கு வராம சாவிய மட்டும் குடுத்துடாதீங்க".

ஜூலை 18
சாவி இவர் இடுப்புல. தூங்கும்போதும்.

ஜூலை 26
கீழ் வீட்டு அக்கா, ஆயாவோட மக, ஓடி வந்தாங்க. பீரோவுல ஆயாவோட மளிகை நோட்டு கெடச்சுது, நடுப்பக்கத்துல உயில். வீடு மகளுக்கு, நகை பேத்திங்களுக்கு, கீழ "மாடியில இருக்குற பொண்ணுக்கு ஆறு லட்சம் தரணும், மறக்காம குடுத்துடு". அழுகை வந்துடுச்சு எனக்கு. ஆயா மறக்கல. கையெழுத்து, போன வருஷத்து தேதி, பக்கத்துல அரிசிக்கடை அண்ணன் சாட்சி. பாப்பா சத்தமில்லாம போன்ல போட்டோ எடுத்துட்டா.

ஜூலை 28
சாட்சி ரெண்டு பேர் வேணுமாம். ஒருத்தர்தான் இருக்கார். ரிஜிஸ்டர் பண்ணலன்னா கூட பரவால்லயாம், ஸ்டாம்ப் பேப்பரே தேவையில்லயாம், வெறும் நோட்டு பேப்பர் போதுமாம், ஆனா ரெண்டு சாட்சி இல்லாத உயில் உயிலே இல்லயாம். ஆயாவுக்கு அரிசிக்கடையில நிக்கற யாரையாவது இன்னொருத்தர கூப்பிடத் தோணலையே.

ஆனா வக்கீல் போட்டோவ பெருசு பண்ணி பாத்துட்டு சிரிச்சார். உயிலா செல்லாட்டியும் இது கடன ஒத்துக்கிட்டு அவங்க கையெழுத்து போட்ட காகிதம், அந்த தேதியில இருந்து புதுசா மூணு வருஷம். எங்களுக்கு போதும். ஒரிஜினல் பத்திரமா இருக்கணும்.

ஒரிஜினல் அக்காகிட்ட.

ஆகஸ்ட் 2
அக்கா இவர கீழ கூப்பிட்டாங்க. நான் மாடிப்படியில நின்னு கேட்டேன். "தம்பி, நீங்களும் அந்த பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க, அம்மா எழுதறப்ப கூட இருந்தீங்கன்னு சொன்னா போதும், மறுமாசமே உங்க பணம் வந்துடும்".

ராத்திரி பூரா பேசல ரெண்டு பேரும்.

ஆகஸ்ட் 3
அக்கா கேட்டது தப்புன்னு சொல்ல என்னால முடியல. ஆயாவுக்கு டயப்பர் மாத்தினது யாரு? நாலு வருஷம் வேலைய விட்டுட்டு கூடவே கெடந்தது யாரு? அவர் பாரிஸ்ல இருந்து ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல "மம்மா"ன்னுவார், அவ்ளோதான். ஆயா மனசு வீட்ட மகளுக்கு குடுக்கறதுதான், அது இந்த தெருவுக்கே தெரியும். இத சொன்னா இவரு "கோர்ட்டுல ஏறி பாக்காதத பாத்தேன்னு சொல்லணும்டி, நான் ஜெயிலுக்கு போனா நீ கட்டுவியா ஃபீஸ"ன்றார். அவர் சொல்றது சரிதான். சரின்றதுதான் எரிச்சலா இருக்கு.

ஆகஸ்ட் 4
முடியாதுன்னுட்டார். அக்கா ஒண்ணும் சொல்லல.

ஆகஸ்ட் 9
அந்த பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்னு கேட்டேன். "எந்த பக்கம்?"

ஆகஸ்ட் 11
அவங்க அண்ணன் மாதிரியே கேட்டாங்க. அதான் தாங்கல.

ஆகஸ்ட் 16
நேத்து சுதந்திர தினம், இன்னிக்கு நம்ம ஊருக்கு மட்டும் இன்னொரு லீவு, பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த நாள். கீழூர்ல கொடி. தாலுகா ஆபீஸ் மூடியிருக்கு, வாரிசு சான்றிதழ் யார் யார் பேருக்கு போட்டுருக்காங்கன்னு பாக்க முடியல. பாப்பாவுக்கு முத தவணைக்கு என் வளையல வெச்சாச்சு.

பிரான்ஸ்காரர் போன் பண்ணார். அங்கயே பவர் எழுதி முத்திரை வாங்கி அனுப்பறாராம், வீட்ட வித்துடலாம்னு இருக்காராம். தங்கச்சிகிட்ட ஏதாவது பேப்பர் இருக்கான்னு நைசா கேட்டார். இருக்குன்னு சொன்னா அவர் பக்கம் சேர்ந்த மாதிரி, இல்லன்னு சொன்னா எங்க ஆறு லட்சம் போச்சு. டவர் கெடைக்கலன்னு கட் பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 19
போட்டோவ மூணு போன்ல ஏத்தி வெச்சிருக்கோம்.

ஆகஸ்ட் 21
போஸ்ட்மேன் வந்தார். எங்க பேருக்கு வக்கீல் நோட்டீஸ், இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். அனுப்பினது அண்ணனா தங்கச்சியான்னு