நோபிதாவுக்கு யோசனை சொல்லும் பிள்ளைகள்

சோட்டா பீம் கார்ட்டூன் கதையைச் சொல்லச் சொன்னால், பீம் என்ன செய்தான் என்று பிள்ளைகள் சொல்வார்கள். டோரேமான் கார்ட்டூனில் வரும் பையன் நோபிதா கதையைச் சொல்லச் சொன்னால், அவன் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இது என் கண்ணில் பட்டது. கார்ட்டூன் பற்றி எனக்கு இருந்த எண்ணம் மாறியது அதிலிருந்துதான்.

ஆத்தங்குடிப் பக்கம் எங்கள் ஊர். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முகப்புத் திண்ணைதான் வகுப்பறை. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், திருவிழா, கல்யாணம் என்றால் வருவார்கள். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பா அம்மா டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை பிள்ளைகளுக்குத் துணை டிவி, இல்லையென்றால் அண்ணனுடைய பழைய போன். அதனால் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் அது ஏதாவது ஒரு கார்ட்டூனில் போய்த்தான் நிற்கும்.

ஒருநாள் நோபிதா பூஜ்ஜியம் வாங்கிய பரீட்சைத் தாளை அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "ஒளிச்சா அம்மா எப்படியும் கண்டுபிடிச்சுரும் டீச்சர். மொதல்லயே காட்டிட்டா ஒரு அடியோட போயிரும். ஒளிச்சா, மார்க்குக்கு ஒரு அடி, ஒளிச்சதுக்கு ரெண்டு அடி." அவளுடைய கணக்குத் தாள் அந்த வாரம் முழுக்கப் பையின் அடியிலேயே கிடந்தது திண்ணையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நான் நேராக அவளிடம் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வாயே திறந்திருக்க மாட்டாள். நோபிதாவுக்கு யோசனை சொல்லும்போது, தன் விஷயத்தை வெட்கமில்லாமல் அலசிப் பார்க்க அவளால் முடிந்தது.

பீமுக்கு யாரும் யோசனை சொல்வதில்லை. தேவையும் இல்லை. அவன் ஊரான டோலக்பூருக்கு ஆபத்து வரும், பீம் லட்டு சாப்பிட்டுப் பலம் பெறுவான், எதிரி பறப்பான். டுன்டுன் மௌசி கடையில் லட்டைக் கேட்காமல் எடுப்பதுதான் அவனிடம் நான் கண்ட ஒரே குறை. அதற்காக அவன் பெரிதாக எதையும் இழப்பதில்லை, அதனால் அதைப் பிள்ளைகள் குறையாகவே நினைப்பதில்லை. பொறாமைப்படுவது, பெருமையடிப்பது, பயந்து ஓடுவது எல்லாம் பீமோடு போட்டி போடும் காலியா தலையில் விழுந்துவிடுகிறது. "காலியா பாவம் டீச்சர்" என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிக்கடி சொல்வான். அந்தப் பரிதாபம் எனக்குப் பிடிக்கும்.

பெற்றோருக்கு ஆகாதவன் நோபிதா. "அதப் பாத்துப் பாத்துத்தான் டீச்சர் இவனும் சோம்பேறியாப் போறான்" என்று அம்மாக்களும் அப்பத்தாக்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இது நம் ஊர்க் கவலை மட்டுமில்லை. டோரேமானைத் தடை செய்யச் சொல்லி 2016-ல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டமன்றத்தில் தீர்மானமே கொண்டுவந்தார்கள். ஜப்பானிலோ, 2008-ல் வெளியுறவுத் துறை டோரேமானைத் தன் அனிமே தூதராக அறிவித்தது. கவலைப்படுகிறவர்கள் கதையின் முன்பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். நோபிதா அழுது கருவியைக் கேட்பான், எதிர்காலத்திலிருந்து வந்து அவனோடு இருக்கும் ரோபோ பூனை டோரேமான் எடுத்துக் கொடுக்கும். அதுவரை சரி. அப்புறம் ஆசைப்பட்டு அளவுக்கு மீறிப் பயன்படுத்துவான், அது அவன் தலையிலேயே விடியும். பெரும்பாலான கதைகளின் அமைப்பு இதுதான். தப்புக்கு விலை உண்டு, அந்த விலையைக் கொடுப்பவன் நாயகனேதான். பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள். கருவி வெளியே வந்ததுமே "மாட்டப் போறான்" என்று சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

குறை இருந்தாலே நல்ல நாயகன் என்றும் நான் சொல்லவில்லை. ஷின்சான் கார்ட்டூனை என் வகுப்பில் நான் எடுப்பதில்லை. 1990-ல் அது முதலில் வந்ததே பெரியவர்கள் படிக்கும் காமிக்ஸ் பத்திரிகையில்தான். அதிலுள்ள சிரிப்பு, பிள்ளையிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற அப்பா அம்மாவுக்கானது. ஆறு வயசுப் பிள்ளைக்கு அதில் கிடைப்பது எதிர்த்துப் பேசுகிற அந்தக் குரல் மட்டும். அம்மா மிசாய் ஷின்சானின் தலையில் குட்டுவதும் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் எல்லாம் பழையபடி.

பங்குனி வந்தால் காரைக்குடியில் கம்பன் விழா. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் நடத்துவது. கடைசி நாள் நிகழ்ச்சி, கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில் நடக்கும். சின்ன வயசில் அப்பாவோடு போயிருக்கிறேன். ராமனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். ஆனால் கம்பன் மேடைகளில் சூடு பிடிப்பது, வாலியை மறைந்து நின்று அம்பெய்தது தகுமா என்ற வழக்கு வரும்போதுதான். அம்பு தைத்துக் கிடக்கிற வாலியே ராமனை நேருக்கு நேர் கேட்கும்படி கம்பர் பாடி வைத்திருக்கிறார். உத்தமன் என்று ஊரே ஒப்புக்கொண்டவனிடமும் நியாயம் கேட்கிற ஊர் இது. இதே உரிமையைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

திண்ணையிலேயே ஒரு பட்டிமன்றம் வைத்தேன். யாரைப்போல இருக்க ஆசை, பீமா, நோபிதாவா? பீம் பக்கம்தான் கூட்டம். நோபிதாவுக்காகப் பேச எழுந்தவன் ஐந்தாம் வகுப்புப் பையன், அதிகம் பேசாதவன். டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போகப்போகிற கதையைச் சொன்னான். அது 1974-ல் காமிக்ஸில் வந்தது, 2014-ல் வந்த படத்திலும் இருக்கிறது. இவன் பார்த்தது படத்தை. டோரேமான் தன்னைப் பற்றிய கவலையோடு போகக் கூடாது என்று, நோபிதா கருவி எதுவும் இல்லாமல், எப்போதும் தன்னை அடிக்கிற முரடன் ஜியானோடு தனியாகச் சண்டை போடுகிறான்.

"அவன் அடி வாங்கிக்கிட்டே இருந்தான் டீச்சர். திருப்பி அடிக்கவே தெரியல. ஆனா காலப் புடிச்சுக்கிட்டு விடல. ஜியானே போதும்டா சாமின்னு போயிட்டான்."

பீம் கட்சியிலிருந்து ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்ப பீமுக்கு லட்டு இல்லாட்டி என்ன பண்ணுவான்?" எதிர்க்கட்சிக்குப் போக வேண்டிய கேள்வி, சொந்தக் கட்சிக்குள்ளேயே விழுந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பீமுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். பயப்படலாம் என்றான் ஒருவன். ஓடிப்போய் நண்பர்கள் சுட்கியையும் ராஜுவையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாள் இன்னொருத்தி. தீர்ப்புச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை, கூட்டிப்போக வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பீமை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவன் வேண்டும். இருட்டுக்கும் தெருநாய்க்கும் பயப்படுகிற வயசில், எல்லாவற்றையும் ஜெயிக்கிற ஒருவன் மனசுக்குள் இருந்தால் கொல்லைப்பக்கம் தனியாகப் போய்வரத் தைரியம் வரும். மார்க்கை மறைக்க, நண்பனை விட்டுக்கொடுக்க, செய்ததை இல்லை என்று சொல்லத் தெரிந்துகொள்கிற நாலாம், ஐந்தாம் வகுப்பு வயசில்தான் அவன் போதாமல் போகிறான். இப்போது கதை நேரத்தைப் பிரித்துவிட்டேன். சின்னவர்களுக்கு முதலில் பீம், பெரியவர்களுக்கு அப்புறம் நோபிதா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டுக்கும் உட்கார்ந்துகொள்கிறார்கள்.