தூது போகும் பிள்ளை

“இனிமேல் உங்கள் மகள் மூலமாக எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள்.” அந்தப் பெற்றோரிடம் இதைச் சொன்னது நான்தான். பள்ளி ஆலோசகராக அதைச் சொல்ல அன்று எனக்குத் தயக்கமே இல்லை.

அம்மாவால் முதலில் ஏற்க முடியவில்லை. “புள்ள முன்னாடி நாங்க ஒரு நாளும் சத்தம் போட்டதில்லீங்க மிஸ்.” உண்மைதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை. அப்பா பற்றவைக்க, அம்மா வளையம் கோர்க்க, நாள் முழுக்க இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். பேச்சுதான் இல்லை. “வெள்ளி வந்துருச்சான்னு உங்கப்பாவக் கேளு”, “சோறு போடட்டுமான்னு கேட்டுட்டு வா.” எல்லாம் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் வழியாக. அவளுக்கு ஓயாத வயிற்றுவலி, தூக்கமும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

பெற்றோரின் பிணக்கைப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்கிறது, தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறதா என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமையும் என்று கிரிச், ஃபின்சம் என்ற உளவியலாளர்கள் 1990-லேயே எழுதினார்கள். இவள் சொன்னது: “நான் சரியா சொல்லாததாலதான் அவங்களுக்குக் கோவம் வருது மிஸ்.” அதற்குமேல் நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவள் சம்மதத்தோடுதான் பெற்றோரை அழைத்தேன்.

பேசத் தொடங்கினார்கள். தொழில் பேச்சு மட்டும்தான், ஆனாலும் பேச்சு. வயிற்றுவலி குறைந்தது. அப்புறம் ஒருநாள் அவள் வந்து சொன்னாள்: “இப்ப ரெண்டு பேருமே என்கிட்ட எதுவும் பேசறதில்ல மிஸ்.”

இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அந்தத் தூது அவளை வதைத்தது, சந்தேகமில்லை. ஆனால் அப்பா அவளைக் கூப்பிட்டதும், அம்மா அவள் முகம் பார்த்ததும் அந்தத் தூதுக்காகத்தான் என்றால், நான் எதை நிறுத்தினேன்? அவளோடு பேச அவர்களுக்கு முதலில் ஒரு வழி காட்டிவிட்டு, பிறகு தூதை நிறுத்தச் சொல்லியிருக்கலாமோ? உடனே அந்த வயிற்றுவலி நினைவுக்கு வருகிறது. மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவளுக்கு 15. பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் வயதா இது?

இரவில் மனசு தாங்காவிட்டால் கூப்பிடச் சொல்லி அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “அப்பாகிட்ட நானே போய்ப் பேசட்டுமா? என்ன பேசறதுன்னுதான் தெரியல” என்றாள்.

அப்பாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை தனியாக. அம்மாவை அடுத்த வாரம். மகளோடு பேசுங்கள் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் வந்துவிடுகிற பேச்சா அது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.