மேலூரில் இறங்காத பயணிகள்

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறுகிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் மேலூரில் இறங்கிவிடுவார். மேலூர் தப்பினால் கொட்டாம்பட்டி. அதுவும் தப்பினால் துவரங்குறிச்சி. தோளில் தூங்கி விழுகிறவர், ஜன்னல் வழியே வெற்றிலை துப்புகிறவர், கைப்பேசியிலேயே ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தி முடிக்கிறவர் என்று எல்லோரையும் இந்த ஒரு நம்பிக்கையில்தான் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

விமானத்தில் மேலூர் கிடையாது.

பேத்தியைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரியும் சிகாகோ புறப்பட்டோம். மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் ஏறி துபாய் வரைக்கும் நாலு மணி நேரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். துபாயிலிருந்து சிகாகோவுக்குத்தான் ஏறக்குறைய 16 மணி நேரம். சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. அவளுக்கு நான்கு வரிசை பின்னால், நடைவழி ஓரம். எனக்கு ஜன்னலோரம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். சர்க்கரைக்காரன் ஜன்னலோரத்துக்கு ஆசைப்படக்கூடாது என்பது இரண்டாவது முறை எழுந்தபோது புரிந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரை எழுப்பி, அவர்கள் முழங்காலைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்துதான் கழிவறைக்குப் போக முடியும்.

நடு இருக்கையில் இருந்தவர் வாட்டசாட்டமான இளைஞர். இரண்டு பக்கக் கைப்பிடியும் அவருக்கே பட்டா. நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு அதையாவது விட்டுக்கொடுப்பதுதான் நாகரிகம் என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தார். சரி என்று விட்டுக்கொடுத்தேன். கைப்பிடியோடு நிற்கவில்லை, என் விலாவுக்கும் உரிமை கொண்டாடினார். முன்னால் இருந்தவரோ பெல்ட் விளக்கு அணைந்த நொடியில் சாய்ந்தார். அவருடைய வழுக்கை என் மடியில்தான் இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடலாம் போல் இருந்தது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது வத்தலக்குண்டு தாண்டி வளைந்து வளைந்து ஏறாமலேயே நாங்கள் கொடைக்கானலில் உட்கார்ந்திருந்தோம். அந்த உயரத்தில் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்ளும். மனித வயிறும் அதே விதிப்படிதான். முன்னிருக்கைக்காரர் அதை மறைக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

சாப்பாடு வந்தது. வறண்ட காற்றிலும் இரைச்சலிலும் நாக்கு பாதிதான் வேலை செய்யும். அதனால் எல்லாமே சப்பென்றிருந்தது. ஊறுகாய் பெட்டிக்குள் போய்விட்டது. பூண்டுப் பொடி கைப்பையில் இருந்தது. இரண்டு சிட்டிகை தூவினேன். இளைஞர் மூக்கைச் சுளித்து மறுபக்கம் சாய்ந்தார். அரை மணி நேரம் கைப்பிடி எனக்கு.

விளக்கை அணைத்தார்கள். அப்போதுதான் கால் வந்தது.

ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக, விமானத்தில் கொடுத்த சாம்பல் நிறக் காலுறையோடு, கட்டைவிரல் தலைமையில் மெல்ல ஊர்ந்து வந்து என் ஜன்னல் பக்கக் கைப்பிடியில் அமர்ந்தது. செருமினேன். காலுக்கு ஏது காது? முழங்கையால் லேசாக நெட்டினேன். ஒரு அங்குலம் பின்வாங்கி இரண்டு அங்குலம் முன்னேறியது. திரும்பிப் பார்க்கக் கழுத்துச் சுளுக்கு விடவில்லை. ஆறடி உயர வெள்ளைக்காரர் ஒருவரை மனதில் நிறுத்தி, அவரிடம் பேசுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். மரியாதை குறையக்கூடாது, ஆனால் உறைக்க வேண்டும். மூன்று முறை திருத்தினேன்.

வாக்கியம் முடிகிற நேரத்தில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. இருட்டில் குனிந்து துழாவி எடுத்து நிமிர்ந்தபோது நெற்றி நேராகப் போய் அந்தப் பாதத்தில் பட்டது. பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு யோசித்துச் செய்கிற காரியமா? கை தானாகப் போய்விட்டது.

பின்னாலிருந்து தழுதழுத்த குரல் வந்தது. "மகராசனாக இருப்பா!"

சந்து வழியே எட்டிப் பார்த்தேன். எண்பது தாண்டிய அப்பத்தா. திருமங்கலம் பக்கம். பேரன் வீட்டுக்கு முதல் பயணம். அசையாமல் உட்கார்ந்தே வந்ததில் ரத்தம் கீழே தேங்கி, கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கிடைத்த சந்தில் நீட்டியிருக்கிறது.

ஆசி வாங்கியவன் அதன் பிறகு என்ன புகார் சொல்வது? ஆசீர்வாதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலை எடுக்கச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாக்கியம் கிடைக்கவில்லை. அவ்வப்போது எழுந்து நடந்தால் வீக்கம் குறையும் என்று சொன்னேன். "நீ வா, போவோம்" என்றது. இரண்டு பேரை எழுப்பி நானும் போனேன். வெந்நீர் கேட்டு வாங்கினேன். எதிரே ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கால் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது உரிமையோடு.

சிகாகோவில் இறங்கும்போது அப்பத்தாவின் ஒற்றைச் செருப்பைக் காணோம். என் இருக்கைக்கு அடியில் கிடந்தது. மண்டியிட்டு எடுத்துக் காலில் மாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி கைப்பையோடு வந்து நின்றாள்.

"உன் வீட்டுக்காரனா, தாயி? தங்கமான பிள்ளை. ராத்திரி எல்லோரும் தூங்கின நேரத்தில் இருட்டுக்குள்ளே தேடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பத்தாறு வருடத்தில் எங்கள் அம்மா காலில் ஒரு தடவையாவது விழுந்திருக்கிறீர்களா?"